வாயு என்று சொல்லி வாயை மூடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்த பையனின் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் நுழைந்ததுமே, என்னோடு வேலை பார்த்த இளைய ஆசிரியை ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மேலும் கீழும் பார்த்தாள். "டீச்சர், நல்லாத் தேறிட்டீங்களே! வயிறெல்லாம் போட்டிருக்கு. பழைய டீச்சரா ஆயிட்டீங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

அன்பாகத்தான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்து நாலு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டதும் அதற்கு மேல் இறங்கவில்லை. பாயசத்தை முகர்ந்து பார்த்ததோடு சரி. அன்று காலை இஞ்சு டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்தபோது 91 சென்டிமீட்டர் இருந்தது. பதினைந்து நாளுக்கு முன் 87.

வழக்கமாக இங்கே நான் எழுதுவது பள்ளிக்கூடக் கதைகள், பங்குனிப் பொங்கல் நினைவுகள், எங்கள் விருதுநகர் பரோட்டாவைப் பற்றிய வம்புகள். இன்று வயிற்று உப்புசத்தைப் பற்றி எழுதப் போகிறேன். 68 வயதுப் பெண்மணி இதையெல்லாம் எழுதலாமா என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எழுதாமல் இருந்ததற்கு நான் இரண்டு முறை விலை கொடுத்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு தொடங்கிய கதை இது. முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் பாவாடை நாடா. பெண்களுக்குப் புரியும். பல வருடம் கட்டிய பாவாடையில், நாடாவில் முடிச்சு விழும் இடம் பழுப்பேறி ஒரு தடமாக இருக்கும். அந்த ஆடி மாதம் அந்தத் தடத்தில் முடிச்சுப் போட முடியவில்லை. இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டேன். ஆவணியில் நாலு விரற்கடை. வயசானால் வயிறு போடத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

ஆனால் கை இளைத்திருந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. காலையில் ஒரு இட்லி சாப்பிட்டால் மூன்று இட்லி சாப்பிட்ட மாதிரி நிறைந்துவிடும். ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன். இந்த மூன்றையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்தவள்!

வீட்டில் வைத்தியம் நடந்தது. என் வீட்டுக்காரர் தினமும் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். மோரில் பெருங்காயம், பாலில் பூண்டு, சுக்குக் கஷாயம். உருளைக்கிழங்கை விட்டேன், மொச்சையை விட்டேன், கடைசியில் துவரம்பருப்பையும் விட்டேன். பிறகு பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். அவர் சாப்பாட்டுக்கு முன் போடுகிற வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர் முன்னால் உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தையே "கேஸ் ட்ரபிள் டாக்டர்" என்பதுதான். நோய்க்கு நானே பெயர் வைத்துக்கொண்டு போனேன். அவர் அதற்கு மருந்து கொடுத்தார். ராத்திரி எழுந்து எழுந்து போவதை நான் சொல்லவில்லை. அது சர்க்கரையாக இருக்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தீபாவளிக்கு வந்த என் மகள்தான் கண்டுகொண்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்தவள், "என்னம்மா, கை குச்சியா இருக்கு, வயிறு ஆறு மாசம் மாதிரி இருக்கு?" என்றாள். தீபாவளி முடிந்த மறுநாளே மதுரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்கேனில் வயிறு நிறையத் தண்ணீர். இரண்டு சூலகத்திலும் கட்டி. சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை. வழக்கமாக 35க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 900ஐத் தாண்டியிருந்தது. வயிற்றுக் காசநோயிலும் தண்ணீர் கோக்கும், இந்த எண்ணும் ஏறும் என்று சொல்லி, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். காசநோயாக இருக்கட்டும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்ட பெண் நானாகத்தான் இருப்பேன். சூலகப் புற்றுநோய், மூன்றாம் கட்டம்.

மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், அதன் பிறகு மூன்று கீமோ. ஆபரேஷனில் கர்ப்பப்பை, இரண்டு சூலகங்கள், குழாய்கள், குடலுக்கு முன்னால் மறைப்புத் துணி போலத் தொங்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை நீளத் தையல்.

ஆபரேஷனுக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டு வேலை பார்த்தால், குடல் சில நாள் தூங்கிப் போய்விடும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் காற்று பிரிவது. அதுவரை சாப்பாடு மெதுவாகத்தான் தருவார்கள். தினமும் மூன்று வேளை, வார்டே கேட்கும்படி சிஸ்டர் கேட்பார்: "அம்மா, காத்து பிரிஞ்சுதா?" முதல் நாள் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டாம் நாள் வெட்கம் போய் ஏக்கம் வந்தது. நடக்கச் சொன்னார்கள், வராந்தாவில் தாங்கித் தாங்கி நடந்தேன். சூயிங் கம் மெல்லச் சொன்னார்கள். மெல்ல மெல்லக் குடல் சாப்பாடு வருகிறது என்று நினைத்து விழித்துக்கொள்ளுமாம். வகுப்பில் சூயிங் கம் மென்ற பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டவள் நான். அவர்களில் யாராவது அன்று பார்த்திருந்தால் பழைய கணக்கெல்லாம் தீர்ந்திருக்கும்.

நாலாம் நாள் விடியற்காலை காற்று பிரிந்தது. என் வீட்டுக்காரர் மகளுக்குப் போன் போட்டு, பத்தாம் வகுப்பு ரிசல்ட் சொல்வது போலச் சொன்னார். பக்கத்துக் கட்டில் அம்மா கைதட்டினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த எட்டு நாளும் என் வயிற்றைப் பற்றி எல்லாரும் வெளிப்படையாகக் கேட்டார்கள். நானும் வெளிப்படையாகச் சொன்னேன். வீட்டு வாசலை மிதித்த அன்றே அந்தக் கேள்வி நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். எடுத்தது என்ன, கொடுத்த மருந்து என்ன என்று எல்லாம் இருந்தது. வயிற்றைப் பற்றி இருந்தது ஒரே வரி: மென்மையான உணவு சாப்பிடவும். இனி வயிறு எப்படி இருக்கும், எப்போது உப்பினால் பரவாயில்லை, எப்போது உப்பினால் ஓடி வர வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை.

ஆனால் வயிறு உப்பத்தான் செய்தது. அதுவும் மாலை நேரத்தில் மத்தளம் மாதிரி. பிறகுதான் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காரணம் ஒன்றல்ல. வலி மாத்திரையும் வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் மலத்தைக் கட்டும். ரத்தம் ஊற வைக்கும் இரும்பு மாத்திரையும் கட்டும். கீமோவோடு கொடுக்கிற ஸ்டீராய்டு உடம்பை உப்ப வைக்கும், கண்டபடி பசியைத் தூண்டும். வெட்டித் தைத்த வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் உள்ளே இருப்பது முன்னால் தள்ளும். தையல் வழியே குடல் பிதுங்கிக் குடலிறக்கமும் வரலாம். நெறிக்கட்டி எடுத்திருந்தால் நிணநீர் தேங்கி நிற்கலாம். உள்ளே ஆறிய தழும்புகள் குடலோடு ஒட்டிக்கொண்டு வழியை நெருக்கலாம். கடைசியாக, நோய் திரும்பி மறுபடி தண்ணீர் கோக்கவும் செய்யலாம்.

பாருங்கள், இவ்வளவு காரணம். முதலில் சொன்னவை எளிதில் சரிசெய்யக் கூடியவை. கடைசியில் சொன்னவை டாக்டர் பார்த்தே ஆக வேண்டியவை. ஆனால் நோயாளியின் மனசுக்குள் இரண்டே இரண்டுதான் உண்டு. ஒன்று "வெறும் வாயு". இன்னொன்று "திரும்பி வந்துவிட்டது". நடுவில் ஒன்றும் கிடையாது. பகலில் முதலாவதை நம்புவோம். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டாவதை நம்புவோம்.

என் இரண்டாவது தப்பு இப்படித்தான் நடந்தது. கீமோ முடிந்து ஐந்தாவது மாதம். மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வயிறு கல் மாதிரி இருந்தது. விட்டு விட்டுப் பிசைகிற வலி. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் கூட. கேட்டவர்களிடம் "கொஞ்சம் வாயு" என்றேன். என் மதினி பார்த்துவிட்டு, "மலம் கட்டியிருக்கும், விளக்கெண்ணெய் ஒரு முடக்கு குடி" என்று கொடுத்தார். குடித்தேன். பதினோராம் நாள் ராத்திரி பச்சையாக வாந்தி. காற்றும் பிரியவில்லை, மலமும் போகவில்லை. ஆம்புலன்சில் மதுரைக்குப் போனோம்.

தழும்பு ஒட்டி, குடல் அடைபட்டிருந்தது. நோய் திரும்பவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வாய்க்கு ஒன்றும் தராமல், சலைன் ஏற்றி நாலு நாளில் ஆபரேஷன் இல்லாமலே சரியாயிற்று. பல பேருக்கு அப்படிச் சரியாவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா கட்டில் ஓரமாக நின்று கேட்டார்: "ஏம்மா பதினோரு நாள் சும்மா இருந்தீங்க? குடல் அடைச்சிருக்கும்போது விளக்கெண்ணெய் குடிச்சா ஆபத்தும்மா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

வளைகாப்பு வேலை என்று சொன்னேன். பொய். உண்மையைச் சொன்னால், போனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சொல்லாதவரைக்கும் அது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இரண்டாம் தடவை தெரிந்தே செய்தேன். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. உங்களிடம் இன்றுதான் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான். "வாயு" என்பது நம் வீடுகளில் நோயின் பெயராகவா இருக்கிறது? பேச்சை முடிக்கிற வார்த்தையாகத்தான் இருக்கிறது. கேட்கிறவருக்கும் நிம்மதி, சொல்கிறவருக்கும் நிம்மதி. அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்க வேண்டாம். அடிவயிறு, சிறுநீர், மலம், மாதவிடாய் நின்ற பிறகு படுகிற தீட்டு, இவற்றையெல்லாம் சொல்லாமல் இருக்க நம் பெண்கள் ஐம்பது அறுபது வருடமாகப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு வசதியான மூடி "வாயு".

சென்னை அடையாறில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் தெருவில் என் நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அந்த வியாதி" என்றுதான் சொல்கிறார்கள். பெயரைக்கூடச் சொல்லாத ஒன்றின் அடையாளங்களை எப்படிப் பேசப் போகிறோம்?

என் தோழி ஒருத்தி, இதை எழுதப் போகிறேன் என்றதும் தடுத்தாள். "இப்படி எழுதினா ஏப்பம் வந்தாக்கூட ஜனங்க பயப்படுவாங்க. நோயைப் பத்திப் பேசப் பேசத்தான் அது பெரிசாகும்" என்றாள். அவள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பயமுறுத்துவது எளிது. உப்புசம் வருகிற பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் பயத்துக்கு மருந்து பேசாமல் இருப்பது அல்ல, எண்ணிப் பார்ப்பது. கணக்கு டீச்சர் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் நாட்டு மருத்துவ வழிகாட்டுதலில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வயிறு உப்புசம், சீக்கிரமே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது, இவை விடாமல் இருந்தால், குறிப்பாக மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், அதிலும் ஐம்பது வயது தாண்டிய பெண்ணாக இருந்தால், அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள் என்று அங்கே டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எண் 35ஐ எட்டினால் ஸ்கேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு ஐ.பி.எஸ். என்கிற எரிச்சல் குடல் கோளாறு முதல் முறையாக வருவது அபூர்வம் என்றும் அதில் இருக்கிறது. கல்யாண விருந்து சாப்பிட்டு வருகிற உப்புசம் மறுநாள் போய்விடும். போகாமல் வாரக்கணக்கில் தங்குவதுதான் கணக்கில் சேரும்.

வேறு வழியும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாய்க்கு எடுக்கிற பாப் ஸ்மியர் பரிசோதனை சூலகப் புற்றுநோயைக் காட்டாது. எல்லாப் பெண்களுக்கும் வருடா வருடம் ரத்தமும் ஸ்கேனும் எடுத்தால் உயிர் பிழைப்பார்களா என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது. அதனால் இறப்பு குறையவில்லை. ஆகவே நம்மிடம் மிச்சம் இருப்பது உடம்பு சொல்வதைக் கேட்பதும், கேட்டதை வாய்விட்டுச் சொல்வதும்தான். அப்படிச் சொன்னால் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த நோய் பலருக்குச் சத்தமில்லாமல் பரவிய பிறகே தெரிகிறது. நாலு மாதம் முன்னால் போயிருந்தால் எனக்கு என்ன மாறியிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த நாலு மாதத்தை நான் ஓமத் தண்ணீரில் கரைத்தேன் என்பது என்னுடனேயே இருக்கும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு டாக்டர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து விளக்க நேரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு ஏன் உப்பும், என்ன செய்யலாம், எப்போது உடனே வர வேண்டும், எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். மூன்று பக்க ஆங்கிலத்தில் நான் எடுத்துப் பார்ப்பது தேதியை மட்டும்தான். அந்த ஒரு பக்கத்தைப் பீரோ கதவில் ஒட்டி வைத்திருப்பேன்.

அந்தப் பக்கம் கையில் வரும்வரை, எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்குச் சொல்லப்பட்டவை இவை. உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டு, ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நன்றாக மென்று, பேசாமல் சாப்பிடுங்கள், பேசினால் காற்றை விழுங்குவோம். சோடா, கலர் வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காமல் தெருவில் பத்து நிமிடம் நடங்கள். மலம் கட்டினால் டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் குடியுங்கள். நார்ச்சத்து எல்லாருக்கும் நல்லது என்பார்கள், ஆனால் குடல் ஒட்டி அடைத்த என் போன்றவர்களுக்கு அதிலும் அளவு உண்டு. கீரைத்தண்டும் முட்டைக்கோசும் எனக்கு இப்போது தூரத்து உறவு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினம் ஒரு வரி போதும். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், தொப்புள் மட்டத்தில் சுற்றளவு. எடை. எவ்வளவு சாப்பிட முடிந்தது. மலம் போயிற்றா, காற்று பிரிந்ததா. வலி உண்டா. டாக்டரிடம் போய் "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றால் அவரும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். "பதினைந்து நாளில் 4 சென்டிமீட்டர் கூடியிருக்கு, எடை ஒரு கிலோ குறைஞ்சிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

விட்டு விட்டுப் பிசைகிற வலியோடு வாந்தி வந்தால், காற்றும் மலமும் நின்றுவிட்டால், காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகினால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விளக்கெண்ணெயும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று, இது வீட்டுப் பெண்களுக்காக. சூலகப் புற்றுநோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. மார்புப் புற்றுநோயும் அதே வழியில் வரலாம். அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று நோயாளியின் ரத்தத்தில் பார்க்கலாம். "பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்று என் சொந்தத்திலேயே ஒருவர் கேட்டார். நான் எடுத்தேன். எனக்கு அது இல்லை. இருந்திருந்தாலும் என் மகளிடமும் தங்கையிடமும் சொல்லியிருப்பேன். மறைத்து வைத்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

ஆண்களே, இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். உங்கள் மனைவி இரண்டு மாதமாகக் குறைவாகச் சாப்பிட்டால், "டயட்டா?" என்று கிண்டல் செய்யாமல் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்வார்கள். அதை முதல் பதிலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தவர். இப்போது தினமும் காலையில் அவர்தான் டேப் பிடிக்கிறார், நான் வாசிக்கிறேன், அவர் எழுதுகிறார். நாற்பத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் என் இடுப்பளவு அவருக்குத் தெரிந்தது இப்போதுதான்.

கல்யாணத்துக்குப் போய் வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பழைய குரல் உள்ளே பேசிக்கொண்டே இருந்தது. கல்யாணச் சாப்பாடு, வாயு, இரண்டு நாள் பார்க்கலாம், பேரனின் பிறந்தநாள் முடியட்டும். காலையில் அவரிடம் நோட்டைக் காட்டி, "மதுரைக்குப் போகணும்" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் வியாழக்கிழமை. மலச்சிக்கலாக இருக்கலாம், குடலிறக்கமாக இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம் என்று மூன்றையும் முகத்துக்கு நேரே சொன்னார்.

இன்று செவ்வாய். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை என் மகளுக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். பதினோரு நாள் தனியாகச் சுமந்ததை விட இது எவ்வளவோ லேசாக இருக்கிறது.

ஸ்கேன் ரிசல்ட் எதுவாக இருந்தாலும் இங்கே எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் அம்மா, அக்கா, மனைவி, மதினி யாராவது கொஞ்ச நாளாக "வாயு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், "எத்தனை நாளா?" என்று கேளுங்கள்.

அந்த இளைய ஆசிரியை இதைப் படிப்பாள். உன் மேல் எனக்கு வருத்தமே இல்லை தாயி. அடுத்த முறை பார்க்கும்போது, தேறிட்டீங்க என்று சொல்லாமல், "சாப்பாடு இறங்குதா டீச்சர்?" என்று கேள். உண்மையைச் சொல்கிறேன்.